சூட்டில் ஸ்ராட் வராத மொரிஸ் மைனர்

ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து வடக்கே வருகிற பழைய கார் ஒன்று வழியில் நிற்குமானால், அது பெரும்பாலும் முறிகண்டியில்தான் நிற்கும். புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் எல்லாம் தாண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடி வந்திருக்கும். பிள்ளையாருக்கு முன்னால் நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டே வந்து சாவியைத் திருப்பினால் ஸ்ராட்டர் நன்றாகச் சுழலும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. பக்கத்தில் நிற்கிற பஸ் சாரதி, ஓட்டோக்காரர், கச்சான் விற்கிற அம்மா என்று எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, யாரும் ஒன்றும் செய்யாமலே, கார் தானாக ஸ்ராட் வரும். அப்போது கடைசியாகக் கைவைத்தவருக்குப் பெயர்.

அந்த வீதியில் எல்லா வாகனமும் நிற்கிற இடம் அது. அங்கே நிற்கிற நேரம் பதினைந்து, இருபது நிமிடம். சூடான எஞ்சின் ஒன்று திரும்ப ஸ்ராட் வருவதற்கு மிக மோசமான நேரம் அந்தப் பதினைந்து, இருபது நிமிடம்தான். நிறுத்திய உடனே திருப்பினால் வந்துவிடும். ஒரு மணித்தியாலம் விட்டாலும் வந்துவிடும். இடையில்தான் வராது.

இதன் காரணம் விளங்கினால் பாதி வேலை முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது றேடியேற்றர் விசிறியும் எதிர்க்காற்றும் எஞ்சினைச் சுற்றியுள்ள வெக்கையை அள்ளிக்கொண்டு போகின்றன. தண்ணீர் பம்ப் சுழல்கிறது. பெற்றோலைக் காற்றோடு கலக்கிற காபரேற்றருக்குள் தாங்கியிலிருந்து புதுப் பெற்றோல் வந்துகொண்டே இருப்பதால் அதுவும் ஒரு குளிர்ச்சி. சாவியை நிறுத்தியதும் இவை எல்லாம் ஒரே கணத்தில் நின்றுவிடுகின்றன. ஆனால் எரிந்த புகையை வெளியே கொண்டுபோகிற எக்சோஸ்ட் மனிபோல்ட்டின் இரும்பு அப்போதும் பல நூறு பாகை சூட்டில் இருக்கிறது. அடுப்பால் இறக்கி வைத்த மண்சட்டிக் குழம்பு கொதித்துக்கொண்டே இருப்பதுபோல, போனற்றுக்குள் சூடு நிறுத்திய பிறகுதான் ஏறுகிறது.

மொரிஸ் மைனரில் இது இன்னும் கடுமை. அந்த ஏ சீரிஸ் எஞ்சினில் உள்ளே எடுக்கிற மனிபோல்ட்டும் வெளியே விடுகிற மனிபோல்ட்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எஸ்யூ (SU) வகைக் காபரேற்றர் எக்சோஸ்ட்டுக்கு நேர் மேலே தொங்குகிறது. பெற்றோல் பம்பும் போனற்றுக்குள், பின்சுவரில். இங்கிலாந்தின் குளிருக்கு வரைந்த எஞ்சின் அது. அங்கே காலையில் காபரேற்றர் உறையாமல் இருக்க அந்தச் சூடு தேவைப்பட்டது. சோளகம் வீசுகிற மாதங்களில் வன்னியின் மத்தியான வெயிலுக்கு அது ஒத்துவருமா?

இனிப் பெற்றோல். அது ஒரே சூட்டில் கொதிக்கிற ஒன்றல்ல. அதன் மெல்லிய பகுதிகள் 35, 40 பாகையிலேயே ஆவியாகத் தொடங்கும். கனமான பகுதிகளுக்கு 200 பாகை வரை வேண்டும். இன்றைய கார்களில் பம்ப் தாங்கிக்குள்ளேயே இருந்து உயர்ந்த அழுத்தத்தில் தள்ளுவதால் வழியில் பெற்றோல் கொதிக்க இடமில்லை. மைனரில் பம்ப் முன்னால் இருந்து பின்தாங்கியிலிருந்து இழுக்கிறது. இழுக்கிற பக்கத்தில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். “சூட்டில ஸ்ராட் வருதில்லை” என்ற ஒரே முறைப்பாட்டுக்குள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒன்று, குழாயிலும் பம்பிலும் பெற்றோல் ஆவியாகி அடைத்துக்கொண்டு காபரேற்றருக்குப் பெற்றோலே வராமல் போவது. மற்றது, காபரேற்றரில் பெற்றோல் சேர்ந்து நிற்கிற கிண்ணமான புளோட் சேம்பரில் இருக்கிற பெற்றோல் கொதித்துப் பொங்கி மனிபோல்ட்டுக்குள் வழிந்து, எஞ்சின் பெற்றோலில் மூழ்கிப் போவது. முதலாவதுக்குச் செய்கிற வைத்தியம் இரண்டாவதைக் கெடுக்கும். பெற்றோலின் பங்கைக் கூட்டுகிற சோக்கை இழுத்தால் பட்டினி கிடக்கிற எஞ்சினுக்குச் சில வேளை உதவும். மூழ்கிய எஞ்சினுக்கு அது மேலும் பெற்றோலை ஊற்றும். அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால், கார் ஸ்ராட் வர மறுக்கிற அந்த நேரத்திலேயே, பொறி விடுகிற பிளக்குகளில் ஒன்றைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நனைந்து, பெற்றோல் மணம் வந்தால் மூழ்கியிருக்கிறது. உலர்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. அடுத்த நாள் காலை கராஜில் வைத்துப் பார்த்தால் இரண்டும் தெரியாது. குளிர்ந்த எஞ்சினில் சூட்டின் குறையைத் தேடுகிறவர்களிடம் நான் வேலை கொடுப்பதில்லை.

எங்கள் மைனர் 948 சிசி எஞ்சின் உள்ள ‘மைனர் 1000’ மாதிரி. ஏ9 திறந்த பிறகு சித்தப்பா கோப்பாயில் ஒரு குடும்பத்திடமிருந்து வாங்கி ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுவந்தது. காலையில் சோக்கை இழுத்து ஒரு திருப்பில் வரும். மாங்குளம் சந்திவரை போய் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பினால் வராது. பார்த்த எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: “கொயில் சூடாகுது, மாத்துங்கோ.” பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கிற அந்தக் கொயிலைத் தொட்டால் கை பொறுக்காத சூடு என்பது உண்மை. ஆனால் நல்ல கொயிலும் அப்படித்தான் சுடும். சூட்டில் கொயில் விட்டுப்போவது உண்டு, மின்தேக்கியான கொண்டென்சர் விட்டுப்போவது அதைவிட அதிகம் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் ஓடும்போதே காட்டிக்கொடுக்கும்: எஞ்சின் விட்டுவிட்டு அடிக்கும், ஏற்றத்தில் இழுக்காது, பிறகு நின்றுவிடும். எங்களுடையது நிறுத்தும்வரை ஒரு குறையும் காட்டவில்லை.

இருந்தாலும் பார்த்துவிட வேண்டும். பெற்றோல் கசிவு எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஸ்ராட் வராத அந்த வேளையிலேயே, கழற்றிய பிளக்கை வயருடன் சேர்த்து, காபரேற்றரிலிருந்து தூரமாக, எஞ்சின் உடம்பில் தொடவைத்து ஸ்ராட்டரை அடித்தால் பொறி தெரியும். நீலமாக, சத்தத்தோடு பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து வந்தால் முதலில் கொண்டென்சரையும், கொயிலின் மின்னை விட்டுவிட்டுத் துண்டிக்கிற பொயின்றையும் பாருங்கள். பொயின்ற் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். கொயிலில் இன்னொரு சிக்கல் உண்டு. 12 வோல்ற் நேரடிக் கொயிலின் முதற்சுற்றுத் தடை கிட்டத்தட்ட 3 ஓம். கடையில் அதேபோலத் தெரிகிற 1.5 ஓம் கொயில் ஒன்றும் கிடைக்கும். அது வெளியே தனித் தடையுடன் பூட்ட வேண்டியது. அப்படிப் பூட்டாமல் விட்டால் உண்மையிலேயே கொதித்துப் பொயின்றையும் எரிக்கும். “கொயில் மாத்தியும் சரிவரேல்லை” என்கிறவர்கள் மீற்றரை வைத்து இதைப் பார்க்க வேண்டும்.

எங்களுக்குப் பொறி நீலம். பிளக் உலர்ந்து கிடந்தது.

அடுத்தது பம்பின் சத்தம். எஸ்யூ மின்பம்ப் வைத்திருக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று சில தரம் அடித்து, சேம்பர் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் மெதுவாக அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது புளோட் ஊசி பிடிக்கவில்லை. வேகமாக, நிற்காமல் படபடவென்று அடித்தால் அது பெற்றோலைத் தள்ளவில்லை, காற்றையோ ஆவியையோ தள்ளுகிறது. எங்கள் பம்ப் படபடத்தது. ஒரு பழந்துணியைத் தண்ணீரில் நனைத்துப் பம்பின் மேலும் குழாயின் மேலும் போட்டதும் கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறி, இடைவெளி விட்டு அடித்து, நின்றது. கார் ஸ்ராட் வந்தது.

பெற்றோல் தாங்கி மூடியையும் இதோடு பார்த்துவிட வேண்டும். அதிலுள்ள காற்றுத் துளை எங்கள் செம்மண் புழுதியில் அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் ஏறி, பம்ப் இழுக்க முடியாமல் திணறும். மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டால் அதுதான். எங்களுடையதில் கேட்கவில்லை.

அப்படியானால் குழாய் ஏன் இவ்வளவு சூடாகிறது? இதற்கு விடை சொன்னவர் ஒட்டுசுட்டானில் வீட்டு முற்றத்திலேயே வேலை செய்கிற ஒரு அண்ணை. தொண்ணூறுகளில் இந்தக் காடுகளுக்குள் வாகனம் ஓட வைத்தவர்களில் ஒருவர். போனற்றைத் திறந்து, எதையும் தொடாமல் குனிந்து பார்த்தார். பம்பிலிருந்து காபரேற்றருக்குப் போகிற செப்புக் குழாய் நேராகப் போகவில்லை. எக்சோஸ்ட் மனிபோல்ட்டின் பக்கமாக இறங்கி, அதை ஒட்டினாற்போல இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு மேலே ஏறியிருந்தது. அழகான வளைவு; நசிவு ஒன்றும் இல்லை. கைதேர்ந்த ஒருவர் நிதானமாக வளைத்தது.

“இது மண்ணெண்ணெய்க்குக் கட்டின குழாய் தம்பி,” என்றார். “பெற்றோலுக்கு இப்பிடி ஒருத்தரும் கட்டமாட்டினம்.”

இந்தத் தலைமுறைக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டும். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் வடக்கே பெற்றோல் போத்தல் கணக்கில் விற்கிற பொருளாகிவிட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. வன்னியில் 2002 சமாதான காலம் வரைக்கும் அதுதான் நிலைமை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. அது ஆவியாக 150 பாகைக்கு மேல் வேண்டும். அதனால் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் பெற்றோலைப் பத்திரமாக வைத்திருந்து, காபரேற்றர் வாயில் கொஞ்சம் பீச்சி ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடாகும்வரை இழுத்துப் பிடித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு விடுவார்கள். சூடு ஏறிவிட்டால் நன்றாக ஓடும். நிறுத்தி ஆறவிட்டால் மறுபடியும் அந்த விலை உயர்ந்த சொட்டுப் பெற்றோல் வேண்டும். நோயாளியை ஏற்றப் போன கார்கள் வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் நின்றதற்கு இதுதான் காரணம்.

ஆக, அந்தக் காலத்து மெக்கானிக்மாருக்குச் சூடு வேண்டியிருந்தது. எப்படியாவது மண்ணெண்ணெயைக் காபரேற்றருக்குப் போக முன்னமே சூடாக்க வேண்டும். இந்தக் காரில் யாரோ அதைச் செய்திருக்கிறார். புத்தகம் இல்லாமல், உதிரிப்பாகம் இல்லாமல், எரிபொருளின் குணத்தை விளங்கிக்கொண்டு எஞ்சினை அதற்கேற்ப மாற்றிய வேலை அது. அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. எந்தப் பொறியியல் பீடத்திலும் பாடமாக வைக்கத் தகுந்த வேலை என்று நான் நினைக்கிறேன். அன்று பழுதில்லாத அந்த வளைவு, பெற்றோல் திரும்பி வந்த பிறகு பழுதாகிவிட்டது.

அண்ணை குழாயைக் கழற்றி, மனிபோல்ட்டிலிருந்து தூரமாகப் பின்சுவரோடு ஒட்டிப் புதுக்குழாய் போட்டார். படபடப்பு நின்றுவிட்டது. ஆனால் குறை முழுதாகத் தீரவில்லை. இப்போது அரைமணி நேரம் நின்ற பிறகு திருப்பினால் கறுப்புப் புகை, பெற்றோல் மணம், நீண்ட நேரம் அடித்த பிறகுதான் பிடித்தது. பிளக்கைக் கழற்றினால் நனைந்திருந்தது. பட்டினியைத் தீர்த்த பிறகுதான் மூழ்குகிற குறை வெளியே தெரிந்தது.

அதற்கும் காரணம் அதே மண்ணெண்ணெய்க் காலம்தான். காபரேற்றருக்கும் மனிபோல்ட்டுக்கும் இடையில் சூடு கடத்தாத பேக்லைற் கட்டை ஒன்று இருந்தால் இரும்பின் சூடு காபரேற்றருக்கு ஏறாது. எங்களுடையதில் மெல்லிய கடதாசிக் காஸ்கெற் மட்டும் இருந்தது. மனிபோல்ட்டின் சூடு நேரே காபரேற்றருக்கு ஏறட்டும் என்று வேண்டுமென்றே விட்டது. கட்டையைக் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்தோம். அதைப் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கட்டையின் தடிப்புக்கு ஏற்ப ஸ்ரட் நீளமாக வேண்டும், அக்சிலேற்றர் கம்பியையும் சோக் கம்பியையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும். பழைய ஸ்ரட்டில் இரண்டு புரி மட்டும் பிடித்துக்கொண்டு இறுக்கினால் சில நாளில் காற்று இழுக்கத் தொடங்கும். காபரேற்றருக்குக் கீழே அலுமினியத் தகடு ஒன்றையும் வெட்டிப் போட்டோம். இரும்பைவிடப் பளபளப்பான அலுமினியம் சூட்டைத் திருப்பி விடும்.

மூன்றாவதாக அண்ணை கண்டுபிடித்தது எனக்கு மிகவும் பிடித்தது. டைமிங் விளக்கை வைத்துப் பார்த்தபோது பொறி விழுகிற நேரம் புத்தகத்தில் சொன்னதற்கு வெகுவாகப் பின்தங்கியிருந்தது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன், அதாவது அமுக்கத்தில் தானாகப் பற்றாமல் தாங்கும் தன்மை, மிகக் குறைவு. பெற்றோலுக்குரிய டைமிங்கில் ஓடினால் எஞ்சின் தட்டும். தட்டாமல் இருக்க, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுகிற டிஸ்ரிபியூட்டரைத் திருப்பிப் பின்தள்ளியிருக்கிறார்கள். பின்தங்கிய பொறியில் எரிதல் முடிய முன்னமே வாயு வெளியே போகிறது. அந்தச் சூடு முழுவதும் எக்சோஸ்ட் மனிபோல்ட்டில் இறங்குகிறது. குழாய், கட்டை, டைமிங் ஆகிய மூன்றும் ஒரே நோக்கத்துக்காகச் செய்தவை. மூன்றையும் சேர்த்துத் திருப்பிய பிறகுதான் கார் பெற்றோல் காராகியது. போன வைகாசி வெயிலில் முறிகண்டியில் நிறுத்தி, வழிபட்டு, ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திருப்பினோம், வந்தது.

வேறு காரணங்களும் உண்டு. சூட்டில் ஸ்ராட்டர் இழுத்து இழுத்துச் சுற்றினால் பெற்றோலைத் தேட வேண்டாம், பற்றரிக் கம்பிகளையும் எஞ்சினிலிருந்து சட்டத்துக்குப் போகிற எர்த் பட்டியையும் பாருங்கள். ஸ்ராட்டர் அடிக்கும்போது பற்றரி 9.5 வோல்ற்றுக்குக் கீழே போகக்கூடாது. எர்த் மாற்றிய (பற்றரியின் பிளஸுக்குப் பதில் மைனஸைக் காரின் உடம்போடு இணைத்த) கார்களில் கொயிலின் இரு வயரும் மாற்றிப் பூட்டப்பட்டனவா என்றும் பார்க்க வேண்டும். மாறிக் கிடந்தால் பொறி மெலியும்.

வால்வ் இடைவெளி பற்றி மட்டும் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். ஒருவரும் பார்க்காத இடம் அது. இலங்கையில் 2002 முதல் ஈயம் இல்லாத பெற்றோல்தான். இந்தப் பழைய எஞ்சின்களில் எக்சோஸ்ட் வால்வ் உட்காருகிற இடம் வெறும் வார்ப்பிரும்பு. முன்பு ஈயம் அதைக் காத்தது. இப்போது கடும் ஓட்டத்தில் அது மெல்ல மெல்லத் தேய்ந்து வால்வ் உள்ளே இறங்கும். இறங்க இறங்க இடைவெளி குறையும். ஏ சீரிஸில் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம் இருக்க வேண்டியது இல்லாமலே போனால், சூட்டில் வால்வ் முழுதாக மூடாது, அமுக்கம் போய்விடும். குளிரில் வரும், சூட்டில் வராது. பெற்றோலும் பொறியும் சரியாக இருந்தும் வராவிட்டால் எஞ்சினின் மேலுள்ள ராப்பெற் மூடியைத் திறந்து, இடைவெளி அளக்கிற தகடான பீலர் கேஜை வையுங்கள். தேய்வு கூடியிருந்தால் ஹெட்டைக் கழற்றி, கடினமான சீற் போடுவதே முடிவான வைத்தியம்.

வழியில் மாட்டிக்கொண்டவருக்கு: மூழ்கியிருந்தால் சோக்கைத் தொடாமல், அக்சிலேற்றரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்ராட்டரை அடியுங்கள். காற்று கூடப் போய் உள்ளே உள்ள பெற்றோலைத் துடைத்துவிடும். எஸ்யூ காபரேற்றரில் மிதித்து மிதித்து விடுவதால் ஒன்றும் நடக்காது, அதில் பெற்றோல் பீச்சுகிற பம்ப் கிடையாது. அது உள்ள வேறு காபரேற்றர்களில் ஒவ்வொரு மிதியும் மேலும் பெற்றோலை ஊற்றும். பெற்றோல் வராவிட்டால் போனற்றைத் திறந்து விட்டு ஈரத்துணி. நிறுத்துகிற போதே போனற்றைத் திறந்து விடுகிற பழக்கம் இன்னும் நல்லது.

ஒஸ்ரின் ஏ40 வைத்திருக்கிறவர்கள் கேட்பார்கள் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். அவற்றில் பலவற்றில் பம்ப் எஞ்சின் உடம்பிலேயே பூட்டிய மெக்கானிக்கல் பம்ப், அதனால் டிக் டிக் கேட்காது. சூடும் நேரே ஏறும். அப்படிப் பம்புகள் பலவற்றில் கையால் அடிக்கிற ஒரு சின்ன நெம்பு கீழே இருக்கும். ஈரத்துணியால் ஆற்றிவிட்டு அதைச் சில தரம் அடித்தால் சேம்பர் நிறையும். நெம்பு பிடிமானமே இல்லாமல் இலகுவாக ஆடினால் பம்ப் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளே காம் பம்பின் கையைத் தூக்கிய நிலையில் நின்றிருக்கும். ஹான்டிலைப் போட்டு எஞ்சினை ஒரு முழுச் சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடியும் அடித்துப் பாருங்கள்.